முதுகு விட்ட புத்தகம்

திருவண்ணாமலையில் பழைய வீடுகளின் பூஜை அலமாரியைத் திறந்து பார்த்தால், முதுகு விட்ட புத்தகம் ஒன்றாவது இருக்கும். விட்ட இடமும் பெரும்பாலும் சொல்லிவைத்தாற்போல் இருக்கும். திருவாசகம் என்றால் திருவெம்பாவையில். மார்கழி முழுக்க அந்தப் பக்கத்தையே பிரித்து, மல்லாத்தி, உள்ளங்கையால் அழுத்திவிட்டுப் படித்திருப்பார்கள். மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய தலம் என்ற பெருமை ஊருக்கு. அதைச் சுமந்தது புத்தகத்தின் முதுகு. திருப்புகழ்த் தொகுப்பு என்றால் அருணை என்னும் இந்த ஊரைப் பாடிய பாடல்கள் இருக்கும் இடத்தில் பிளந்திருக்கும்.

இப்படி ஒரு புத்தகம் கையில் இருந்தால் வழக்கமாகச் செய்வது மூன்று. செல்லோ டேப் ஒட்டுவது. ஃபெவிகாலைத் தாராளமாகப் பூசுவது. இல்லையென்றால் பைண்டிங் கடையில் கொடுத்து, ஓரத்தில் துளை போட்டுத் தைத்து, மூன்று பக்கமும் மெஷினில் வெட்டி வாங்கிவருவது. பழைய புத்தகத்துக்கு மூன்றும் கேடுதான். காரணம் ஒன்றே: பழுது பார்த்த இடம் தாளைவிடப் பலமாகிவிடுகிறது. புத்தகத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் முதுகுக்கும் தாளுக்கும் இடையே இழுபறி நடக்கிறது. அதில் ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். ஒட்டு விட்டால் மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். தாள் விட்டால் எழுத்து போய்விடும். ஆகவே ஒட்டு எப்போதும் தாளைவிட ஒரு படி பலவீனமாக இருக்கவேண்டும். ஈரம் காட்டினால் பிரிந்தும் வரவேண்டும். கீழே சொல்லும் வேலை எல்லாவற்றுக்கும் இதுதான் அளவுகோல்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வோம். அச்சடித்த பெரிய தாளை மடித்தால் எட்டோ பதினாறோ பக்கம் கொண்ட ஒரு பாரம் கிடைக்கும். பாரங்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் மடிப்புக்குள்ளும் ஊசியை நுழைத்து, அடுத்த பாரத்தோடு நூலால் பிணைப்பார்கள். தைத்த முதுகின்மேல் பசை. பசையின்மேல் இழை விலகிய மல் துணி. அதற்கு மேல் ஒரு தாள். மல் துணி இரு புறமும் ஏறக்குறைய ஓர் அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நீட்டம் அட்டையின் உட்புறம் ஒட்டிக்கொண்டுதான் தைத்த பாரங்களாகிய உள்கட்டையும் அட்டையையும் சேர்த்துப் பிடிக்கிறது. இதற்கெல்லாம் வெளியே காலிகோ துணி, அல்லது தோல். நாம் முதுகு என்று பார்ப்பது இந்தக் கடைசி உறையை மட்டும்தான். உறை கிழிந்து தொங்கினாலும் உள்ளே தையல் கல்லுமாதிரி இருக்கக்கூடும். உறை புதுசுபோல இருக்க, உள்ளே நூல் அறுந்துபோயிருப்பதும் உண்டு. அதனால் வெளியே பார்த்து முடிவு கட்டாமல், நடுவில் நாலைந்து இடத்தில் மெல்லத் திறந்து மடிப்புக்குள் நூல் ஓடுகிறதா என்று பாருங்கள்.

எல்லாத் தமிழ்ப் புத்தகமும் இப்படித் தைக்கப்பட்டதல்ல. பழைய மலிவுப் பதிப்புகள் பலவற்றில் ஓரத்தையல்தான். மேலிருந்து கீழாகக் குத்தூசியால் துளை போட்டு நூலை இழுத்திருப்பார்கள். அவை என்றைக்கும் முழுசாக விரியாது, விரிக்கவும் கூடாது. பாராயணத்துக்கென்று அச்சிட்ட சிறு நூல்களில் நடுவில் இரண்டு பின் மட்டும் இருக்கும். அந்தப் பின் இரும்பு; ஐந்தாறு மழைக்காலம் பார்த்தால் துருப்பிடித்து, சுற்றியுள்ள தாளைத் தின்றுவிடும். பின்னால் வந்தது கம் பைண்டிங்: தையலே இல்லை, பாரங்களின் மடிப்பைச் சீவித் தள்ளிவிட்டு ஒற்றை ஒற்றைத் தாளாகச் சூடான பசையில் ஒட்டிவிடுவது. வேகமும் மலிவும் அதன் சிறப்பு. பசை வறண்டதும் பக்கம் பக்கமாக உதிர்வது அதன் குணம்.

இந்த ஊரில் புத்தகம் பைண்டு செய்த ஒருவரை உலகமே அறியும். ரமண மகரிஷி. 1896 செப்டம்பர் 1 அன்று பதினாறு வயதில் வந்து சேர்ந்தவர், 1950 ஏப்ரல் 14 அன்று மறையும்வரை அண்ணாமலையை விட்டுப் போகவில்லை. விரூபாட்ச குகையில் இருந்த நாட்களில், உடனிருந்த பழனிசுவாமி ஊருக்குள் போய் இரவல் வாங்கிவரும் நூல்களைத் தாம் படித்து அவருக்குப் பொருள் சொன்னார். இரவல் புத்தகம் எந்த நிலையில் வந்திருக்கும் என்று நாமே ஊகிக்கலாம். பின்னால் மலையடிவாரத்தில் ஆசிரமம் வளர்ந்தபோதும் அவர் கை சும்மா இருந்ததில்லை. காய் நறுக்குவார், இலை தைப்பார், அச்சுப்படி திருத்துவார், பிய்ந்த புத்தகத்தைத் தைத்து அட்டை போடுவார். ஒரு பக்கம் மட்டும் அச்சான தாளின் வெற்றுப் பக்கத்தையும் துண்டுத் தாள்களையும் வீணாக்காமல் சேர்த்துத் தைத்துக் குறிப்பேடு ஆக்குவார். இதில் ஆன்மிகப் பாடம் எடுப்பவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். எனக்கு இதில் பிடித்தது இலையும் புத்தகமும் ஒரே கையில் தைக்கப்பட்டது. தையல் இலையில் ஈர்க்கைத் தடிமனாகச் சீவினால் இலை கிழியும், ரொம்ப மெல்லியதாகச் சீவினால் பிடிக்காது. முதுகு தைப்பவர் நூலைத் தேர்ந்தெடுக்கும்போது போடுகிற கணக்கும் அதுதான்: தாள் எவ்வளவு மெலிந்திருக்கிறதோ அவ்வளவு மெல்லிய நூல், முறுக்கு குறைந்த பருத்தி நூல். நைலான் நூல் அறவே வேண்டாம், அது பழைய தாளை அறுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

வேலைக்குத் தோதான காலம் தை, மாசி. ஐப்பசி, கார்த்திகை மழையில் பசை காய நாள் பிடிக்கும், அதற்குள் பூஞ்சணம் கட்டும். சித்திரை, வைகாசி வெயிலிலோ பசை சட்டென்று காய்ந்து அட்டையை வில்லாக வளைத்துவிடும்.

தொடங்குமுன் சுத்தம் செய்யவேண்டும், அதுவும் உலர்ந்த தூரிகையால் மட்டும். பூஜை அறைப் புத்தகத்தில் விபூதியும் குங்குமமும் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். ஈரப்பசை பட்ட நொடியில் குங்குமம் கரைந்து, நான்கு பக்கத்துக்குச் சிவப்பு ஓடும். பிறகு அதை யாராலும் எடுக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு பாரத்தின் நடுவையும் திறந்து, மடிப்பிலிருந்து வெளிப்பக்கமாகத் தூரிகையை இழுத்து, பொடி முழுதும் வரும்வரை தட்டிவிடுங்கள். எண்ணெய்க் கறையையும் கற்பூரப் புகைக் கரியையும் அப்படியே விட்டுவிடலாம். அவற்றோடு போராடினால் தாள்தான் தோற்கும்.

அடுத்தது பசை. பைண்டிங் கடைகளில் மைதாவைக் காய்ச்சி, பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். பூச்சி வராது என்பது உண்மைதான். ஆனால் மயில்துத்தம் என்பது செம்பு உப்பு. செம்பு தாளின் நாரைச் சிதைக்கும் வேகத்தைக் கூட்டும், நாளடைவில் பழுப்பேற்றும். ஐந்து வருஷம் வைத்துவிட்டுப் போடப்போகிற கணக்குப் பேரேட்டுக்கு அது பொருத்தம். தாத்தா காலத்துத் திருப்புகழுக்கு ஆகாது. தச்சர்கள் பயன்படுத்தும் வஜ்ரம் பலமான பசை, ஆனால் காய்ந்தபின் கண்ணாடிபோல் வெடிக்கும். பழைய பைண்டிங்கின் முதுகில் பழுப்பு நிறத்தில் பொருக்குப் பொருக்காக உதிர்வது பெரும்பாலும் அதுதான்.

நல்ல பசையை வீட்டிலேயே செய்யலாம். மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து அரை மணி ஊறவிட்டு, ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் வைத்துக் கசக்குங்கள். பால் இறங்கும், கையில் ரப்பர்போல் ஒரு திரள் மிஞ்சும். நாளடைவில் இறுகிப் பழுப்பது அந்தத் திரள்தான், அதைத் தள்ளிவிடுங்கள். பாலை வடிகட்டி நாலைந்து மணி நேரம் அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளையாக மாவு படியும். மேல் நீரைக் கொட்டிவிட்டு, மாவுக்கு நான்கைந்து பங்கு தண்ணீர் சேர்த்து, சிறு தீயில் கைவிடாமல் கிளறவேண்டும். அல்வாவுக்குக் கோதுமைப்பால் எடுக்கிற அதே வேலை. இங்கே சர்க்கரையும் நெய்யும் கிடையாது. வெள்ளை நிறம் மாறிக் கண்ணாடிபோல் பளபளத்து வந்ததும் இறக்கி, ஆறவிட்டு, சல்லடைத் துணியில் பிழிந்து எடுங்கள். குளிர்பெட்டியில் இரண்டு மூன்று நாள் இருக்கும்; புளித்த வாடை வந்தால் கொட்டிவிட்டு வேறு காய்ச்சவேண்டியதுதான். இந்தப் பசையின் அருமை, எத்தனை ஆண்டு கழித்தும் ஈரத்துணி வைத்தால் இளகி விட்டுக்கொடுக்கும் என்பது.

தாளில் கவனிக்க ஒன்று உண்டு, பலரும் கோட்டைவிடுவது. இயந்திரத்தில் செய்த தாளில் நார்கள் ஒரு திசையில் ஓடும். ஈரம் பட்டால் தாள் நாருக்குக் குறுக்கே விரியும், காயும்போது குறுக்கே சுருங்கும். முதுகில் ஒட்டும் தாளில் நார் மேலிருந்து கீழாக ஓடவேண்டும். மாறி ஒட்டினால் முதுகு சுருக்கம் விழும், அட்டை திருகும். எந்தத் திசை என்று அறிய, தாளை மடிக்காமல் இரு பக்கமும் வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ, அந்த வளைவின் நீளவாக்கில்தான் நார் ஓடுகிறது. ஒட்டுப்போட மல்பெரி நாரில் செய்த மெல்லிய ஜப்பானியத் தாள் சிறந்தது, நகரங்களில் ஓவியப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். முதுகின்மேல் ஒட்டுவதற்குப் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் பருத்திக் கந்தலிலிருந்து செய்யும் கைத்தாள் வகைகளில் மெல்லியது போதும்.

இனி வேலை. ஒரே ஒரு தாள் கழன்றிருந்தால் அதன் உள் ஓரத்தில் மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்குப் பசை தடவி, மடிப்பு வரை தள்ளி உட்காரவைத்து, மேலும் கீழும் வெண்ணெய்த்தாள் வைத்துக் கனமான பொருளைப் பாரமாக ஏற்றினால் போதும். பின் துருப்பிடித்த சிறு நூலில் பின்னைப் பிடித்து இழுக்காதீர்கள். நடுப்பக்கத்தைத் திறந்து, மடங்கிய கால்களை மெல்லிய தகட்டால் நிமிர்த்தி, முதுகுப் பக்கமாக வெளியே தள்ளி எடுத்துவிட்டு, துளைகள் வழியே நூலால் தைத்து உள்ளே முடிச்சுப் போடுங்கள். உள்கட்டு அட்டையிலிருந்து தளர்ந்து ஆடுகிறது, கிழியவில்லை என்றால், ஸ்வெட்டர் பின்னும் ஊசியில் பசையைத் தடவி அட்டைக்கும் முதுகுக்கும் இடையே உள்ள சந்தில் மேலிருந்து விட்டு உருட்டி எடுக்கவேண்டும். பிறகு அட்டையை மூடி, அட்டையும் முதுகும் சேரும் வெளிமூட்டின் பள்ளத்தில் இரு புறமும் ஊசி வைத்து, ஒரு ராத்திரி பாரம்.

கம் பைண்டிங் புத்தகம் உதிர்ந்தால் மேலே சொன்ன நல்ல பசை உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தாள்களைத் தட்டி அடுக்கி, இரண்டு பலகைக்கு நடுவே இறுக்கி, முதுகுப் பக்கம் சிறிது வெளியே நீட்டவிட்டு, தாள்களை ஒரு பக்கமாக விசிறிபோல் சாய்த்து வெள்ளைப் பசையை மெல்லியதாகத் தடவுங்கள். மறுபக்கம் சாய்த்து இன்னொரு முறை. ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் ஒரு மயிரிழை பசை ஏறிவிடும். மேலே மல் துணி. இங்கே ஃபெவிகால் வகையைத் தடவுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, பள்ளி நூலகத்துக் கதைப் புத்தகம் நன்றாக அடி வாங்கவேண்டிய பொருள். அரிய பதிப்புக்கு மட்டும் வேண்டாம்.

பெரிய வேலை என்பது முதுகு மாற்றுவது. உறை இரண்டு மூட்டிலும் கிழிந்து, தையல் மட்டும் உறுதியாக இருக்கிற புத்தகத்துக்கு இது. கிழிந்த மூட்டு வழியே கூரான பிளேடால் வெட்டி, பழைய முதுகுத் துண்டைச் சிதையாமல் தனியே எடுத்து வையுங்கள். தங்க எழுத்தில் பெயர் இருந்தால் அது இந்தத் துண்டில்தான் இருக்கும். உள்முதுகில் காய்ந்த பழைய பசைமேல் நம் பசையைக் கெட்டியாக அப்பி, கால்மணி நேரம் விட்டால் பழையது இளகும். மழுங்கிய கத்தியால் வழித்து எடுங்கள். மூர்க்கமாகச் சுரண்டினால் தையல் நூல் அறுந்துவிடும். அவ்வளவு தூரம் போக வேண்டாம், வருவது வரட்டும், வராதது இருக்கட்டும்.

சுத்தமான முதுகில் பசை தடவி, புது மல் துணியை ஒட்டுங்கள். உயரத்தில் புத்தகத்தைவிட அரை அங்குலம் குறைவாக, அகலத்தில் இரு புறமும் ஓர் அங்குலம் கூடுதலாக. அதன்மேல் கைத்தாள். அடுத்து, கெட்டித் தாளை மடித்து முதுகின் அகலத்துக்கு ஒரு தட்டைக் குழாய் செய்து, ஒரு முகத்தை மட்டும் முதுகில் ஒட்டவேண்டும். மற்ற முகத்தில்தான் வெளித்துணி வரும். புத்தகத்தைத் திறக்கும்போது குழாய் வாய் திறக்கும், உள்முதுகு பின்னால் வளைந்துபோக இடம் கிடைக்கும், வெளி முதுகு மடங்காது. திருவெம்பாவைப் பக்கத்தில் பிளந்த புத்தகங்களில் பெரும்பாலும் இந்த இடைவெளி இருக்காது. துணியை உள்முதுகோடு சேர்த்து ஒட்டியிருப்பார்கள்.

பிறகு அட்டையின் பழைய துணியை மூட்டிலிருந்து ஓர் அங்குலம் வரை மெல்லத் தூக்கி, அதன் அடியில் புதுக் காலிகோவைச் செருகி ஒட்டி, முதுகின்மேல் சுற்றி, மறு அட்டையிலும் அவ்வாறே. மேலும் கீழும் மிஞ்சும் துணியை உள்ளே மடித்துவிடுங்கள். தூக்கிய பழைய துணியை மேலே இறக்கி ஒட்டி, கடைசியாகப் பழைய முதுகுத் துண்டைப் புதுத் துணியின்மேல் அதன் இடத்திலேயே பதிக்கவேண்டும். மல் துணியின் நீட்டத்தையும் உள் தாளையும் அட்டையில் ஒட்டி, வெண்ணெய்த்தாள் இட்டு, ஒரு ராத்திரி பாரம். நிறம் பொருந்தவில்லையே என்று கவலைப்படவேண்டாம். எது பழையது எது புதிது என்று தெரிவது நல்லதுதான்.

ஓரம் வெட்டும் மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய பாராயண நூல்களின் ஓரங்களில் சிலர் ராகமும் தாளமும் குறித்திருப்பார்கள், சிலர் குழந்தை பிறந்த நேரத்தை எழுதியிருப்பார்கள். ஓரம் சமமாக இருக்கவேண்டும் என்று கால் அங்குலம் வெட்டினால் அத்தனையும் கடைக்காரர் காலடியில் விழும். ‘ஓரம் வெட்டாதீங்க அண்ணே’ என்று சொல்லிக் கொடுங்கள். ஓரத்தையல் புத்தகமானால் பழைய துளைகளிலேயே தைக்கச் சொல்லுங்கள். செல்லோ டேப்பைப் பற்றி இரண்டு வார்த்தைகூடத் தேவையில்லை. பத்து வருஷம் முன்பு ஒட்டிய ஒரு பக்கத்தைத் திறந்தால் தேன் நிறத்துக் கறையும் தனியே கழன்ற பிளாஸ்டிக்கும் தெரியும்.

தொடக்கூடாத புத்தகங்களும் உண்டு. பக்கம் புரட்டும்போதே ஓரம் அப்பளம்போல் நொறுங்கினால் அது முதுகுப் பிரச்சினை அல்ல. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மரக்கூழில் செய்த தாள்களில் அமிலம் தங்கியது; மை ஊறாமலிருக்கப் படிகாரமும் குங்கிலியச் சத்தும் சேர்த்ததும் அதைக் கூட்டியது. அத்தகைய தாளுக்கு எந்தத் தையலும் சுமைதான். வ.த. சுப்பிரமணிய பிள்ளை தேடித் தொகுத்த திருப்புகழின் முதல் பகுதி 1894இலும் இரண்டாம் பகுதி 1901இலும் வந்தன. அந்தக் காலத்துப் பிரதி உங்கள் வீட்டில் இருந்தால் பைண்டிங்கை நினைக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையாவின் நூல் சேகரம் அவர் 1992இல் மறைந்தபின் சென்னையில் ஆராய்ச்சி நூலகமானபோதும் நுண்படம் எடுப்பதற்கே அங்கே முதன்மை தரப்பட்டது. படம் கையில் இருந்தால் மூலத்தை அடிக்கடி திறக்கவேண்டிய தேவையே இல்லை. தனித்தனித் தாளாக இருக்கும் கையெழுத்துப் பிரதிகளையும் தைக்காதீர்கள். கம்பீரம் சேஷய்யா என்ற அன்பரின் கேள்விகளுக்கு இளம் ரமணர் சீட்டுகளில் எழுதித் தந்த விடைகளே பிற்பாடு விசாரசங்கிரகம் என்ற நூலாயின. அதுபோன்ற துண்டுத் தாள்களுக்கு ஒரு கெட்டி உறை போதும், தையல் வேண்டாம்.

பழுது பார்த்த புத்தகம் மறுபடி விடாமலிருக்க, படிக்கும்போது வியாசபீடம் என்ற புத்தகத் தாங்கியில் வையுங்கள். அது புத்தகத்தைப் பாதிக்குமேல் விரியவிடாது. முதுகுக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. அலமாரியிலிருந்து எடுக்கும்போது தலைப்பக்கத்தில் விரலை மாட்டி இழுக்காமல், இரு பக்கத்துப் புத்தகங்களையும் சற்று உள்ளே தள்ளி நடு முதுகைப் பிடித்து எடுக்கவேண்டும். ராமபாணப் பூச்சிக்கு மாவுப் பசை என்றால் உயிர். தஞ்சை சரசுவதி மகாலில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை ஆகியவற்றை இடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து சுவடிகளுக்கு அருகில் வைத்தார்கள். வீட்டுக்கு வசம்பு முடிச்சே போதும், தாளில் படாமல் அலமாரி மூலையில். வாசம் போனதும் மாற்றவேண்டும்.

எல்லாம் முடிந்தபின் கடைசி வெற்றுத் தாளில் பென்சிலால் எழுதுங்கள்: எந்த மாதம், எந்த வருஷம், என்ன பசை, எந்தத் துணி, எந்தப் பாரத்தில் மறுபடி தைத்தது. பேனா வேண்டாம், ஈரம் பட்டால் மை ஓடும். அடுத்த முறை இதைப் பிரிப்பவருக்கு எங்கே ஈரத்துணி வைக்கலாம், எங்கே கத்தி போடக்கூடாது என்பது அந்த இரண்டு வரியில் தெரிந்துவிடும்.